நாற்பத்தெட்டு கிலோ

முள் நாற்பத்தைந்தரையில் நின்றது.

சின்னையா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, எடை எந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். முள் கொஞ்சம் நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

“தட்டாதீங்க. டாக்டரோட சாமான்,” என்றாள் புஷ்பவல்லி. அவள் கையில் ஈர மாப்பு இருந்தது.

“ஏன்டா, ஒழுங்கா நின்னியா?”

“இதுல ஒழுங்கில்லாம எப்படிப்பா நிக்கிறது?” என்றான் பாலன்.

“சப்பாத்தைப் போட்டுக்கிட்டு ஏறு, பாப்போம்.”

“அங்க ஜட்டியோட நிக்க வெச்சுதான் நிறுக்கிறாங்க. சப்பாத்துக்கெல்லாம் மார்க்கு இல்லப்பா.”

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கிளினிக் சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு மூடிவிடும். டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போனதும் புஷ்பவல்லி தரையைத் துடைத்து முடிப்பாள். பிறகு பின்கதவைத் திறந்து புருஷனையும் மகனையும் உள்ளே விடுவாள். இது இரண்டாவது சனிக்கிழமை. போன வாரம் நாற்பத்தாறரை. ஒரு வாரத்தில் முழுசாக ஒரு கிலோ காணாமல் போயிருந்தது.

அது எங்கே போனது என்று மூன்று பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்பதும் தெரியும். சின்னையா பேசினார்.

“இன்னும் இருபத்து மூணு நாள்தான் இருக்கு. ரெண்டரை கிலோ ஏறணும். இவ என்னடான்னா பிள்ளையை ஒருவேளைச் சோத்துல போட்டு வெச்சிருக்கா.”

“விரதம்னா அப்படித்தான்.”

“விரதம் முருகனுக்கு. நிறுக்கிறது ராணுவக்காரன். அவன்கிட்ட போயி முருகன் வந்து சாட்சி சொல்லுவாரா?”

புஷ்பவல்லி எந்திரத்தில் மகன் நின்ற இடத்தை ஒரு துணியால் துடைத்தாள். அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். பாலன் பள்ளிப் படிப்பின் கடைசியான அஞ்சாம் பாரம் பரீட்சை எழுதியிருந்தான். முடிவு இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே, அக்டோபரில், ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு படிக்க விண்ணப்பம் போட்டான். படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அரசாங்கச் செலவு. முடித்து வெளியே வந்தால் தோளில் நட்சத்திரம். அந்த விண்ணப்பப் பாரத்தைத் தபால்பெட்டியில் போட்ட அன்று புஷ்பவல்லி பெட்டியின் தலையில் கைவைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கடிதாசி வந்தால் தைப்பூசத்துக்கு என் பிள்ளை இருபத்தோரு நாள் விரதமிருந்து காவடி எடுப்பான்.

டிசம்பரில் கடிதாசி வந்தது. ஜனவரி மூன்றாம் தேதி முகாமில் கேள்வி கேட்டார்கள், ஓட விட்டார்கள், கயிறு ஏறச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் தேறினான். கடைசியில் ஒரு தராசில் ஏற்றினார்கள். அவன் உயரத்துக்கு நாற்பத்தெட்டு கிலோ வேண்டும். இருந்தது நாற்பத்தாறரை. பிப்ரவரி பதினொன்றாம் தேதி மெடிக்கல், அதற்குள் ஏற்றிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தைப்பூசம் பிப்ரவரி ஐந்து.

பின்கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மழைக்காலம் முடிந்து தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கியிருந்தது.

“நான் ஒண்ணு கேக்கிறேன் புஷ்பம்,” என்றார் சின்னையா. “காலேஜில சேர்ந்தா காவடின்னு வேண்டியிருக்கலாம். ஆபீசர் ஆனா காவடின்னு வேண்டியிருக்கலாம். கடிதாசி வந்ததுக்கு எவளாவது காவடி வேண்டுவாளா?”

புஷ்பவல்லி நின்றாள்.

“போன ஒரு வருசத்துல எத்தனை பாரம் போட்டோம்?”

“அதுக்கென்ன இப்ப?”

“எட்டு. டெக்னிக்கல் படிப்புக்கு, போஸ்டாபீசுக்கு, ஏரோப்ளேன் ரிப்பேர் படிப்புக்கு. ஒண்ணுக்காவது பதில் வந்திச்சா? ‘உன் பிள்ளை வேணாம்’னு ஒரு வரி? இதுக்கும் வராதுன்னுதான் நெனச்சேன். பதில் வர்றதே எனக்குப் பெரிசாப் பட்டிச்சு. வேண்டிக்கிட்டேன். இப்ப முருகன்கிட்ட போயி, தப்பா வேண்டிட்டேன், திருப்பிக் குடுன்னு கேக்கச் சொல்றீங்களா?”

சின்னையாவுக்குக் கோபம்தான் கூடிற்று.

மறுநாள் காலை அவர் வல்லிபுரத்தைப் பார்க்கப் போனார். வல்லிபுரம் ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வட்டாரத்தில் பாரம் நிரப்ப வேண்டும், முத்திரை சாப் குத்த வேண்டும் என்றால் எல்லோரும் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். பாலனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாரும் சின்னையா. பொடியன்ட நிறை என்ன இப்ப?”

“கீழ இறங்கிருச்சு கிராணியாரே. நாப்பத்தஞ்சரை.”

“இறங்கினதோ? என்னப்பா இது. நான் அந்தக் கடிதத்தில ‘நல்ல தேகாரோக்கியம் உடையவன்’ எண்டெல்லோ எழுதினனான். என்னைப் பொய்யனாக்கப் போறீரோ?”

சின்னையா விரதக் கதையைச் சொன்னார். வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

“பங்குனி உத்தரத்துக்குத் தள்ளி வைக்கலாம் தானே?”

“சொல்லிப் பாத்துட்டேன். தைப்பூசம்னு பேர் சொல்லி வேண்டிட்டாளாம்.”

“அப்ப நீர் எடும். தகப்பன் எடுக்கிறது வழக்கம்தானே.”

“என் பிள்ளை தோளுலன்னு சொல்லிட்டாளாம்.”

“மனுசி ஒரு ஓட்டையும் விடாமல் எழுதியிருக்கிறா. எங்கட ஓப்பீசில இருந்திருந்தால் நல்ல கிளார்க்காய் வந்திருப்பா.” சிரித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கேளும். விரதமெண்டால் மச்சம் மாமிசம் இல்லை, ஒருவேளைச் சோறு. பால் பழத்துக்குத் தடையில்லைத் தானே? உளுத்தம்மாக் களி கிண்டச் சொல்லும். நல்லெண்ணெய் விட்டு, பனங்கட்டி போட்டு. எங்கட ஊரில பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறது. காலமை ஒரு உருண்டை, பின்னேரம் ஒரு உருண்டை. சோறு ஒருவேளைதான், ஆனால் அந்த ஒருவேளையில எவ்வளவு எண்டு முருகன் அளந்து வைச்சவரோ?”

இந்த யோசனை புஷ்பவல்லிக்குப் பிடித்துவிட்டது. களி பலகாரக் கணக்கில் சேரும், சோற்றில் சேராது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பாசாருக்குப் போய் உளுந்தும் நெய்யும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஒரு வேலையாகவே மாறிற்று. வாழையிலையில் சோறு மலைபோல் ஏறும். பருப்பு, அதன்மேல் நெய், உருளைக்கிழங்குப் பிரட்டல், தயிர், கடைசியில் சேமியாப் பாயசம். அவன் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, இலையில் ஒரு பருக்கை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“லோரிக்கு மண்ணு ஏத்துற மாதிரி ஏத்துறியேம்மா. அச்சு முறிஞ்சிரும்.”

“பேசாம சாப்பிடு. பேசினா காத்துதான் உள்ள போகும்.”

இரண்டாவது வாரம் முள் நாற்பத்தாறில் நின்றது. அரைக் கிலோ ஏறியிருந்தது. அதற்குமேல் ஏற மறுத்தது.

சின்னையா இருபத்திரண்டு வருஷமாக ரயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கம்பிச்சடக்கு வேலை செய்கிறவர். அந்த வாரம் அவருடைய ஆட்களுக்கு சாலாக் செலாத்தான் ஸ்டேஷன் பக்கம் வேலை. உளுத்துப்போன கட்டைகளை உருவிப் புதுக்கட்டை செருகி, கருங்கல்லைக் கொட்டி இடிக்க வேண்டும். பத்து மணிக்கே தண்டவாளம் தொடமுடியாமல் சுடும். சாயங்காலம் இடியோடு மழை வந்து கொட்டி, அதே கல்லைச் சேற்றில் தள்ளிவிடும்.

கடப்பாரையைப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தபோது ராதாகிருஷ்ணன் பக்கத்தில் வந்து அமர்ந்தான். பதினைந்து வருஷமாக ஒரே கேங்கில் இருக்கிறவன்.

“அண்ணே, உங்க ஆபீசர் எத்தனை கிலோ?”

“வாயை மூடு.”

“கோவிச்சுக்காதீங்கண்ணே. நம்மளை வேலை வாங்குற மண்டோர் கேட்டாரு. நம்ம கேங்கில ஒரு ஆள் குறையுதாம். வேலைக்காரங்க பிள்ளைன்னா முதல்ல எடுத்துக்குவாங்களாம்.” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்தான். “பிப்ரவரி பதினஞ்சாந் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம். தராசுல ஏற வேணாம். கடப்பாரையைத் தூக்கினா போதும்.”

சின்னையா அதை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வியர்வையில் நனையாமல் இருக்கப் பர்சுக்குள் வைத்தார். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பாலனை வேலையிடத்துக்கு வரச்சொன்னார். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சீனன் கோப்பிக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. சின்னையா கையால் சைகை காட்டி, தொடைக்கறியாக ஒரு பெரிய தட்டுச் சோறு சொன்னார். தட்டு வந்ததும் மகன் பக்கம் தள்ளினார்.

பாலன் தட்டைப் பார்த்தான். எண்ணெய் வடியும் தோல், இஞ்சி வாசம், ஓரத்தில் சிவப்பு மிளகாய் சாஸ். தொண்டையில் எச்சில் இறங்குவது தெரிந்தது.

“அம்மாவுக்குத் தெரியாது. தின்னு.”

“வேணாம்பா.”

“முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

“அதுக்கில்ல. மழையில நின்னு பெட்டியில போட்டது நானும்தானே. அம்மா வேண்டிக்கிட்டப்ப, நானும் மனசுக்குள்ள சரின்னேன்.” தட்டைத் திருப்பி நகர்த்தினான். “சொன்னதைச் செய்யாம அங்க போயி, சொன்னதைச் செய்வேன்னு சத்தியம் பண்ண முடியுமாப்பா? அங்க முதல் நாளே சத்தியம்தான் எடுப்பாங்களாம்.”

சின்னையாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மகன்மேலா, மனைவிமேலா, தராசுமேலா என்று தெரியவில்லை. வாங்கியதை வீணாக்கவும் மனசில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, விறுவிறுவென்று முழுவதையும் தின்று முடித்தார். வீட்டில் எல்லோருக்கும் விரதம், அவருக்கும்தான். பாலன் எதிரில் உட்கார்ந்து பால் குடித்தான்.

“ருசியா இருக்காப்பா?”

“மண்ணு மாதிரி இருக்கு,” என்றார் சின்னையா, எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

தைப்பூசத்தன்று விடியும் முன்பே பத்துமலையில் இருந்தார்கள். ஆற்றில் குளித்து, கன்னத்தில் சின்ன அலகு குத்தி, தோளில் பால்காவடியோடு பாலன் இருநூற்றெழுபத்திரண்டு படி ஏறினான். சுற்றிலும் உறுமிச் சத்தம், சாம்பிராணிப் புகை, கூட்டம். புஷ்பவல்லி கூடவே நடந்து, கண்ணீரும் சிரிப்புமாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சின்னையா பின்னால் எலுமிச்சம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மகனுடைய முதுகில் வழிந்த வியர்வையைப் பார்க்கப் பார்க்க, இதில் எத்தனை கிராம் போகிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டார். “இன்னிக்கு ராத்திரி கோழி அடிக்கலாம்ல?”

“இடும்பன் பூசை முடியணும்.”

“அது என்னைக்கு?”

“மூணு நாள் கழிச்சு.”

சின்னையா சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

இடும்பன் பூசை முடிந்த மறுநாளிலிருந்து இரண்டு நாள் அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுப்பு அணையவில்லை. காலையில் ஆறு முட்டை. பத்து மணிக்கு ஆட்டுக்கால் சூப். மத்தியானம் கோழி. சாயங்காலம் வல்லிபுரம் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி உளுத்தங்களி. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கின் சாவியை வாங்கிப் போய்ப் பார்த்தபோது முள் நாற்பத்தேழுக்கு ஒரு கோடு மேலே நின்றது.

“இன்னும் முக்காக் கிலோ. நாளைக்குக் காலையில எங்கேருந்து வரும்?” புஷ்பவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த ராதாகிருஷ்ணன்தான் வழி சொன்னான். “அண்ணே, ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஸ்கூல்ல படிச்சதில்லையா? கேட்டுக்கு வெளிய நின்னு ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லுங்க. ஆறு வாழைப்பழத்தையும் உள்ள தள்ளுங்க. நேரா தராசு.”

திங்கட்கிழமை சின்னையா லீவு போட்டார். இரண்டு பஸ் மாறி முகாம் வாசலுக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே முப்பது நாற்பது பையன்கள் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேருக்குக் கழுத்தே தலையைவிட அகலமாக இருந்தது. மரத்தடியில் மறைந்து நின்று பாலன் தண்ணீர் குடித்தான். ஒரு போத்தல். அரைப் போத்தல். பழம். மறுபடி தண்ணீர்.

“வயிறு குலுங்குதுப்பா. நடந்தா சத்தம் கேக்குது.”

“மெதுவா நட. சிரிக்காதே. தும்மாதே.”

எட்டரைக்கு உள்ளே போனான். சின்னையா எதிர்க்கடையில் ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றே முக்காலுக்கு வாசலில் பாலன் தெரிந்தான். கையில் ஒரு காகிதம். நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“எத்தனை?”

“நாப்பத்தேழரை.”

“எப்படிடா? அவ்வளவு தண்ணி குடிச்சியே?”

பாலன் கல்லின்மேல் உட்கார்ந்தான். “முதல் மேசை தராசு இல்லப்பா. முதல் மேசையில ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் குடுத்து, மூத்திரம் கொண்டாங்கிறாங்க.”

சின்னையா வாயைத் திறந்தார். மூடினார்.

“கொஞ்சூண்டு போயிட்டு நிறுத்திறலாம்னு பாத்தேன். நிக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரமா அடக்கி வெச்சிருந்தேன். பக்கத்துல நின்ன சார்ஜன் கைதட்டி, ‘ஹோய், பாஞ்சிர் வந்திருச்சு’ன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறாரு. வெள்ளமாம். எல்லாமே போயிருச்சுப்பா.”

சிரிப்பு வருகிற விஷயம்தான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“மலாய்க்கார டாக்டர். கன்னத்துல என்ன புள்ளின்னு கேட்டாரு. காவடின்னேன். ‘புவாசா இருந்தியா?’ன்னாரு. இருபத்தோரு நாள்னேன். ‘நாங்க முப்பது நாள் இருக்கோம், ஆனா ராத்திரி நல்லாச் சாப்பிடுவோம்’னாரு. வேற ஒண்ணும் சொல்லல. எழுதிக் குடுத்துட்டாரு.” காகிதத்தை நீட்டினான். “மார்ச் நாலாந் தேதி மறுபடி நிறுப்பாங்களாம். ஒரு கிலோவுக்குள்ள குறையிறவங்க எல்லாருக்கும் இது உண்டாம்பா. சட்டமே அப்படித்தானாம்.”

“அதை முன்னாடியே சொல்ல மாட்டானுங்களா?” என்றார் சின்னையா. யாரிடம் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் நின்ற காவல்காரன் இவரைத் திரும்பிப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் மிச்சமிருந்த கோழியைக் குழம்பு வைத்திருந்தாள் புஷ்பவல்லி. பாலன் நடந்ததைச் சொல்லி முடித்தான். அவள் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சாமி படத்தின் அடியில் வைத்தாள்.

மூன்று தட்டிலும் சோறு விழுந்தது. சின்னையா தன் தட்டில் ஒரு தொடையும் பாலன் தட்டில் ஒரு தொடையும் எடுத்துப் போட்டார்.

“புஷ்பம், ஒண்ணே ஒண்ணு சொல்றேன்,” என்றார் சின்னையா. “மார்ச் நாலு முடியிற வரைக்கும் நீ எதையும் வேண்டிக்காதே. உன் காலில விழுறேன்.”

அவள் குழம்பைக் கிளறினாள்.

“என்ன, சத்தத்தைக் காணோம்?”

“மத்தியானம் கிளினிக்கில தரை துடைக்கிறப்பவே வேண்டிக்கிட்டேன்.”

சின்னையா நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

“இந்தத் தடவை சரியாத்தான் வேண்டியிருக்கேன்,” என்றாள். “கடிதாசிக்கு இல்ல. தராசுக்கு இல்ல. பிள்ளை காலேஜ் உள்ள போயிச் சேரணும். அதுவரைக்கும் கவுச்சி தொடுறதில்ல, தண்ணி போடுறதில்ல.”

“பைத்தியமா உனக்கு? மூணு வாரம் கோழி தின்னாத்தானே இவன் தேறுவான்?”

“இவன் தின்னட்டும். நான் வேண்டிக்கிட்டது உங்க பேர்ல.”

பாலனுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு தண்ணீரைத் தேடினான்.

“என்னைக் கேக்காம எப்படி...”

“சாலாக் செலாத்தான்ல தின்ன கோழிக்கும் சேத்துத்தான்.”

சின்னையா மகனைப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் விரித்தான்.

“அவன் சொல்லல. சீனன் கடை மிளகாய் சாஸ் சட்டைக் காலரில ஒட்டியிருந்திச்சு. நான்தானே துவைக்கிறேன்.” அவள் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். “மேசை விரிப்பு பொசுங்கிரும். அடியில வைக்க ஏதாச்சும் குடுங்க.”

சின்னையா பர்சைத் திறந்தார். நாலாக மடித்த அந்தப் பாரத்தை எடுத்து விரித்து, மேசை நடுவில் போட்டார். சட்டி அதன்மேல் உட்கார்ந்தது. கரியும் எண்ணெயுமாக ஒரு வட்டம் மெல்லப் பரவிற்று.

“என்ன பாரம்ப்பா அது?”

“ஒண்ணுமில்ல. கேங்கில குடுத்தது.”

தன் தட்டிலிருந்த தொடையை எடுத்து மகன் தட்டில் வைத்தார். விரலில் ஒட்டிய குழம்பை நக்கப் போய், நினைவு வந்து, துண்டில் துடைத்தார்.

“தின்னுடா,” என்றார். “எலும்பையும் விடாதே.”